கலுங்குப் பாட்டும் ஒரு முக்கிய அறிவிப்பும்

அறந்தாங்கி தொடங்கித் திருமயம் வரைக்கும் எங்கள் குழு ஏறாத மேடை கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதாக இருந்தால் இன்னும் நாலு ஊரைச் சேர்த்துச் சொல்லியிருப்பேன். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கடைத் திறப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். அரிமளத்தில் எங்களுக்கு மைக் செட் கடை இருக்கிறது. அதனால் ஒலிபெருக்கியும் எங்களுடையது, பாட்டும் எங்களுடையது. கூப்பிடுகிறவர்களுக்கு ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடிந்துவிடும்.

குழு என்றால் நாலு பேர். முதல் கித்தார் என் வீட்டுக்காரர். இரண்டாவது கித்தார் அறந்தாங்கி பாய். அவரை நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். டிரம்ஸ் என் கொழுந்தன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். பேஸ் கித்தாருக்கும் கீபோர்டுக்கும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் கல்யாணமான புதிதிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

எங்கள் வாசிப்புக்குப் பெயர் வைத்தவர் பாய்தான். இளவயதில் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அங்கே அவருக்கு மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் அமெரிக்காவின் தென்பகுதிக்காரராம். அவருடைய வண்டியில் எப்போதும் ஒரே மாதிரிப் பாட்டுதான் ஓடுமாம். இரண்டு கித்தார், அடித்தொண்டையில் ஒரு பாட்டுக்காரர், பாட்டு பாதியில் நின்றுபோய் கித்தார்கள் மட்டும் வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கும். லீவில் வந்தபோது அந்த கேசட்டுகளையும் ஒரு கித்தாரையும் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கடையில் போட்டுக் கேட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கித்தார் புரிந்தது. இரண்டு நாயனக்காரர்கள் மாற்றி மாற்றி வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப் புரியாமல் போகும்?

“அவங்களும் அந்த ஊருக்குத் தெக்கத்தி ஆளுகதான் தங்கச்சி. நம்மளும் தெக்கத்தி. ஒத்துப்போகும்” என்றார் பாய். அன்றிலிருந்து எங்கள் வாசிப்பு தெக்கத்தி ராக் ஆனது. மேடையில் சினிமாப் பாட்டு பாடாமல் முடியாது, கல்லெறிவார்கள். ஆனால் நாலு சினிமாப் பாட்டுக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று நுழைத்துவிடுவோம். கேசட் காலத்தில் அப்படி மூன்று தொகுப்புப் போட்டோம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் விற்றது. அப்புறம் கேசட்டே போய்விட்டது. நாங்கள் போகவில்லை, மேடையில்தான் இருந்தோம்.

நாலாவது தொகுப்பு போடலாம் என்று தொடங்கியது பாயின் மூத்த மகன். அவனும் இப்போது வளைகுடாவில்தான் இருக்கிறான். பழைய கேசட்டிலிருந்து போனுக்கு மாற்றிய எங்கள் பாட்டை அறையில் போட்டால் கூட இருக்கும் பையன்கள் இன்னொருமுறை, இன்னொருமுறை என்று கேட்கிறார்களாம். நல்ல ஸ்டூடியோவில் போய் ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவன் வைத்தது ஒரே நிபந்தனை. கலுங்குப் பாட்டைப் புதிதாகப் பாட வேண்டும், அதுதான் முதல் பாட்டாக இருக்க வேண்டும்.

கலுங்குப் பாட்டு எங்களுடையதிலேயே பெரிய பாட்டு. கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம் கலுங்கு. மழையில்லாத வருடங்களில் அதன்மேல் ஆடு படுத்திருக்கும். ஒரு ஐப்பசியில் பல வருடம் கழித்துத் தண்ணீர் கலுங்கைத் தாண்டியது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனபோது நானும் என் வீட்டுக்காரரும் அங்கேயே நின்று கட்டிய பாட்டு அது. ‘கலுங்கு தாண்டுதடி கண்மாய்த் தண்ணி’ என்று கடைசியில் ஒரு வரி வரும். அந்த ‘தாண்டுதடி’ உச்சிக்குப் போகும். கூட்டம் மொத்தமும் அந்த ஒரு இடத்துக்காகத்தான் காத்திருக்கும். அந்த இடத்தில் நான் குரலைத் தூக்கினால் பின்வரிசையில் சீட்டாடிக்கொண்டிருக்கிறவர்களும் தலையை நிமிர்த்துவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறியது, குரல் இறங்கிவிட்டது. பேச்சு பாதகமில்லை, பாட்டில் மேலே போனால் கிழியும். நான் இதற்கெல்லாம் மூலையில் உட்கார்ந்து அழுகிறவளில்லை. எல்லாப் பாட்டையும் கொஞ்சம் கீழே இறக்கி வாசிக்கச் சொன்னேன். அந்த உச்சி வரி வரும்போது மட்டும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவேன். ஜனங்களே பாடிவிடுவார்கள், அதுவும் அடிவயிற்றிலிருந்து. பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ பெரிய நட்சத்திரம் மாதிரித் தெரியும். உண்மை எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே அறிவிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துத் திருவிழா மேடையில் பாட்டு முழுதாக ஓடி நான் பார்த்ததில்லை. சரணம் முடிவதற்குள் விழாக் கமிட்டி ஆள் ஒருவர் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார். வழியில் நிற்கும் டிராக்டரை எடுக்கச் சொல்லி ஒன்று வரும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டார் பந்திக்கு வரவும் என்று ஒன்று வரும். காணாமல் போன குழந்தை மேடைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்பது அநேகமாக எல்லாத் திருவிழாவிலும் வரும். நான் இடது கையைத் தூக்குவேன். கை மேலே இருக்கிறவரை கித்தார் இரண்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். அறிவிப்பை முடித்துக் கையை இறக்கினால் பாட்டு மேலே போகும்.

எங்கள் பாட்டுகள் நீளமானது இப்படித்தான். ஒருமுறை கல்லூரியில் இசை ஆராய்ச்சி செய்கிற ஒருவர் வந்து, உங்கள் நீண்ட கித்தார் பகுதிகளில் அமெரிக்கத் தாக்கம் தெரிகிறது என்றார். அது அமெரிக்கா இல்லை சார், விழாக் கமிட்டி என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அறிவிப்புக்கு ஒரு குரல் உண்டு, அது பாட்டுக்குரலில்லை. கண்மாய்க் கரையில் மேடை போடுகிற ஊர் ஒன்று இருக்கிறது. ஒரு வருடம் நல்ல மழைக்கு மறுநாள் அங்கே பாடிக்கொண்டிருந்தோம். சீட்டு எதுவும் வரவில்லை. மேடையிலிருந்து எனக்கே தெரிந்தது, கலுங்கில் தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள். அலறியிருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கிட்டு ஓடி, மிதிபட்டே நாலு பேர் விழுந்திருப்பார்கள். கையைத் தூக்கினேன். கித்தார் சுற்ற ஆரம்பித்தது. சோறு பரிமாறுகிற குரலில், அவரவர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த ஊரில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சொல்லச் சொல்லிக் கமிட்டி சீட்டுக் கொடுத்துவிடுகிறது.

ஸ்டூடியோவுக்கு வருவோம். புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. பதிவு செய்கிற தம்பி முப்பது வயதுக்காரர், வேலை தெரிந்தவர், மரியாதையானவர். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேடம், மேடம் என்று ஒரு கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் என்னைத் தனியாக அடைத்துவிட்டார். என் குரலோடு வேறு சத்தம் கலக்கக் கூடாதாம். காதில் மாட்டிய ஹெட்போனில், தாளத்தின் வேகம் மாறாமலிருக்க, கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்தனுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் மட்டும்தான் அவர் ஒரே வேகத்தில் போவார்.

கலுங்குப் பாட்டை எடுத்தோம். சரணம் முடிந்து கித்தார் சுற்றுகிற இடம் வந்தது. நான் பழக்கத்தில் கையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த மூன்று பேரும் என் பக்கம் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பாய் அவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். கொழுந்தன் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு அடித்தார். நிறுத்தச் சொல்ல யாருமில்லை. நான் கையை இறக்கியும் சுற்றினார்கள். வரியை எடுத்துப் பாடியும் சுற்றினார்கள். கடைசியில் கொழுந்தனுக்குக் கை ஓய்ந்துபோய்தான் பாட்டு நின்றது.

அந்த இடம் எவ்வளவு நீளம் சார், கணக்குச் சொன்னால் குறித்துக்கொள்வேன் என்று அந்தத் தம்பி கேட்டார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் யாரும் எங்களை அதைக் கேட்டதில்லை.

“அது கமிட்டியப் பொறுத்தது தம்பி” என்றார் என் வீட்டுக்காரர்.

சிரித்து முடித்து எப்படியோ துண்டு துண்டாக எடுத்தோம். கடைசியில் உச்சி வரி வந்தது. மைக்கை நீட்ட அங்கே கூட்டமில்லை. எதிரே என் முகமே தெரிகிற கண்ணாடிதான் இருந்தது. பாடினேன், கிழிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினேன், மறுபடியும் கிழிந்தது. அந்தத் தம்பி பரவாயில்லை மேடம் என்று சொல்லி, என் கீழ்க்குரலையே மெஷினில் ஏற்றிக் காட்டினார். கிணற்றுக்குள் எவர்சில்வர் தம்ளர் விழுந்த மாதிரி இருந்தது. இதை வெளியில் விட்டால் உங்களைச் சும்மா விடமாட்டேன் என்றேன்.

டீ குடிக்கக் கீழே போய்விட்டு நான் படியேறி வரும்போது உள்ளே பேச்சு கேட்டது. கோரஸ் பாட வருகிற கல்லூரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அந்த ஒரு வரியை மட்டும் அவள் பாடிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார் அந்தத் தம்பி.

“சரி, நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லுங்க. எங்க வீட்டம்மாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்.” இது என் வீட்டுக்காரர் குரல்.

அரிமளம் வருகிற வரைக்கும் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன் என்பது ஊருக்குத் தெரியும். கத்தாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே ஆரம்பித்தார். ஒரு வரிதானே, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம், பாயின் மகன் ஆசைப்படுகிறான் என்று சுற்றி வளைத்தார்.

“அந்த ஒரு வரிக்குத்தான ஊரே காத்திருக்கு” என்றேன்.

“மூணு வருஷமா அந்த வரிய ஜனந்தான பாடுது. அப்பெல்லாம் ஒனக்குக் கோவம் வரலையே.”

அடுப்படிக்குப் போய்க் குக்கரை வைத்துவிட்டு, அது சத்தம் போடுகிறவரை காத்திருந்து அழுதேன். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஜனங்கள் பாடியது என்னோடு சேர்ந்து பாடியது. அந்தப் பெண் பாடப்போவது எனக்குப் பதிலாக. மேடைப் பாட்டு காற்றோடு போய்விடும், இது நிலைத்து நிற்கும். நாளைக்கு யாராவது கேட்டு ‘அடேயப்பா, என்ன குரல்’ என்றால் அந்தக் குரல் என்னுடையதாக இருக்காது. அதை என்னால் தாங்க முடியாது. அழுது முடித்தபோது என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகவே தெரிந்தது.

தட்டை வைத்துக்கொண்டே சொன்னேன். “அந்தப் புள்ள மத்தியானந்தான வருது, வரட்டும். காலையில ஒரு தடவ நான் பாடுவேன். அந்தக் கூண்டுக்குள்ள போகமாட்டேன். ஒங்க மூணு பேருக்கும் நடுவுல நின்னு பாடுவேன். அதுவும் சரியா வரலன்னா நானே வெலகிக்கிறேன்.”

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையை ஆட்டினார். விலகிக்கொள்கிறேன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மறுநாள் காலை அந்தத் தம்பி சம்மதிக்கவே இல்லை. டிரம்ஸ் சத்தமெல்லாம் என் மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது என்றார். கொழுந்தன்தான் அவருக்குப் பதில் சொன்னார். எங்கள் மதினியின் மைக்கில் கோயில் மணி, ஜெனரேட்டர், அதிர்வேட்டு எல்லாம் சேர்ந்துதான் கேட்டிருக்கிறது, இந்த டிரம்ஸ் ஒன்றும் புதிதில்லை என்றார். டிக் டிக்கை நிறுத்தச் சொன்னோம். ஹெட்போனைக் கழற்றி வைத்தோம். மேடையில் நிற்பது மாதிரியே நின்றோம். எனக்கு வலது கைப்பக்கம் வீட்டுக்காரர், இடது கைப்பக்கம் பாய், பின்னால் கொழுந்தன்.

பாட்டு எடுத்த எடுப்பிலேயே வேறு மாதிரி இருந்தது. என் குரலின் புதிய கரகரப்பு அந்தக் கித்தார்களோடு உரசிக்கொண்டு போனது. இவ்வளவு நாளாக இதை இறங்கிப்போன குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று பாடும்போதே தோன்றியது. சரணம் முடிந்தது. இடது கையைத் தூக்கினேன். மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள், சுற்ற ஆரம்பித்தார்கள்.

கை மேலே இருக்கிறது. அடுத்து வரப்போவது உச்சி வரி. கையை இறக்கினால் பாடியாக வேண்டும். நான் இறக்கவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. என் வீட்டுக்காரர் இமைக்காமல் என்னையே பார்த்து வாசித்தார். யாரும் முந்தானையை இழுக்கவில்லை, சீட்டும் தரவில்லை. ஆனால் கை மேலே இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் வாய்க்குத் தெரியும். அது தானாகப் பேசியது.

“ஒரு முக்கியமான அறிவிப்பு. கண்மா நெறஞ்சிருச்சு. கலுங்குல தண்ணி தாண்டுது. யாரும் பயப்பட வேணாம். ஓட வேணாம். அவங்கவங்க பிள்ளைகள அவங்கவங்க கையில பிடிச்சுக்கங்க.”

அதே சோறு பரிமாறுகிற குரல். கையை இறக்கினேன். குரல் போக வேண்டிய உச்சிக்கு என் வீட்டுக்காரரின் கித்தார் போனது. பாயின் கித்தார் ஒரு படி கீழே நின்று அதைத் தாங்கிக்கொண்டு கூடவே ஏறியது. நான் கீழேயே நின்று ‘கண்மாய்த் தண்ணி, கண்மாய்த் தண்ணி’ என்று பாடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு கித்தாரும் என்னைத் தாண்டி வழிந்து போயின.

பாட்டு முடிந்தது. அந்தத் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து, இன்னொரு தடவை எடுக்க வேண்டாம் அக்கா என்றார். மேடம் போய்விட்டது.

“அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிருங்க தம்பி” என்றார் என் வீட்டுக்காரர்.

“எதுக்கு? வரட்டும். மத்த பாட்டுக்குக் கோரஸ் பாட ஆள் வேணும்ல” என்றேன் நான். ஜெயித்த பிறகு தாராளமாக இருப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அந்தப் பெண் வந்தாள், அருமையாகவும் பாடினாள். படியிறங்கும்போது பாய் என் பக்கத்தில் வந்து, அந்த அமெரிக்கக்காரர்களுக்கு இப்படியொரு கமிட்டி அமையவில்லை தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாயின் மகன் கேட்டுவிட்டு உடனே போன் செய்தான். எல்லாம் பிரமாதம், ஆனால் அந்த உச்சிக் குரல் எங்கே என்றான். அந்த இரண்டு கித்தாரிலும் இருக்கிறது, மறுபடி கேள் என்றேன். மறுபடி கேட்டிருப்பான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தொகுப்பு வெளியாகிச் சில வாரம் இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் கடைக்கு ஒயர் வாங்கப் புதுக்கோட்டை போய்விட்டுத் தனியார் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கொழுந்தன் தனக்குத் தெரிந்த டிரைவருக்கெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார். ஊரைத் தாண்டியதும் கலுங்குப் பாட்டு ஓடியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் ஏதோ சீமந்தத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியின் பிள்ளை சீட்டின்மேல் ஏறி நின்று, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டும் இவர்களுக்குக் காது இருக்கிறதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

கித்தார் சுற்ற ஆரம்பித்தது. ஒரு முக்கியமான அறிவிப்பு என்று என் குரல் வந்தது. முன்சீட்டில் இருந்த பிள்ளையின் அம்மா பேச்சை நிறுத்தவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. கையை மட்டும் நீட்டி, ஜன்னலுக்கு வெளியே இருந்த பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை அந்தக் கையை அவள் விடவில்லை.